எழிலும் ஓப்பன்-தமிழும்: நிரல் களஞ்சியப் பிரிப்பு குறித்து ஒரு மதிப்பீடு

முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரல்மொழியும், தமிழ் எழுத்துகளைக் கையாளும் ஓப்பன்-தமிழ் என்னும் பைத்தான் நிரலகமும் தனித்தனிக் களஞ்சியங்களில் பேணப்படுகின்றன. எழில் ஓப்பன்-தமிழைச் சார்ந்து இயங்குகிறது. ஓப்பன்-தமிழுக்கு எழில் தேவையில்லை. இந்த ஒருவழிச் சார்பே இப்பிரிப்பின் வலிமை. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்கூடங்களில் வழங்கும் சொற்களைத் தொகுக்கும் ஆய்வாளருக்கு நிரல்மொழி எதற்கு? சொல்லை எழுத்தாகப் பிரிக்கவும் அகரவரிசைப்படுத்தவும் இயன்றால் போதும்.

ஓப்பன்-தமிழுக்குள் ஒலிபெயர்ப்பு, சந்தி, சொல்திருத்தி ஆகிய கூறுகள் ஒன்றாகவே உள்ளன. இவற்றையும் பிரிக்கலாம் என்போர் எழுத்துப் பிரிப்பு விதி எங்கே இருக்கும் என்பதை முதலில் தெளிவுபடுத்த வேண்டும். ‘தோல்’ என்னும் சொல்லையே கொள்வோம். இலக்கணப்படி அது ஈரெழுத்துச் சொல். ஒருங்குறியிலோ தகரம், ஓகாரக் குறி, லகரம், புள்ளி என 4 குறியெண்களாகவும் அமையலாம். ஓகாரக் குறி இரட்டைக் கொம்பாகவும் துணைக்காலாகவும் பிரிந்து 5 ஆகவும் அமையலாம். இரு வடிவங்களும் நிகரானவை என்பது ஒருங்குறித் தரத்தின் விதி. ஒவ்வொரு களஞ்சியமும் எழுத்துப் பிரிப்பு நிரலைத் தனக்கெனப் படியெடுத்துக்கொண்டால், ஒன்றில் செய்த திருத்தம் மற்றொன்றைச் சென்றடையாது. சொல்லடைவில் ஒரே ‘தோல்’ இரு தலைச்சொற்களாகப் பதிவாகக்கூடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றுவதால், மெய்ப்புப் பார்ப்பவரும் இப்பிழையைக் காண்பதரிது.

எனவே சந்தியும் சொல்திருத்தியும் பிரிந்து செல்லலாம். எழுத்துக் கூறு ஒரே களஞ்சியத்தில் நின்று, ஏனையவை அதனைச் சார்ந்திருத்தல் வேண்டும். அவ்வாறு பிரிந்தபின், சொல்லடைவை வெளியிடும் ஆய்வாளர் சொல்திருத்தியின் பதிப்பெண்ணோடு எழுத்துக் கூற்றின் பதிப்பெண்ணையும் தனியே குறிப்பிட நேரும்.