செராமாவின் கம்பீரம்

உலகத்துக் கோழிகளுள் மிகச் சிறியதென்று கீர்த்தி பெற்ற செராமா, நம் நாட்டின் கிளந்தான் மாநிலத்திலே உருவான ஜாதி என்பதை எண்ணும்போது, ரவாங்கில் வீட்டின் பின்புறத்தில் அதை வளர்ப்பவர்களுக்கு உண்டாகும் அபிமானம் நியாயமானதே. கிளந்தான்வாசியான வீ யான் ஈன் என்பவர் உள்ளூர்ச் சிறுகோழியோடு ஜப்பானியக் குள்ளக் கோழியைச் சேர்த்து வளர்த்த இந்த வம்சம், 1990-ல் பெர்லிஸில் முதற்போட்டி கண்டது.

முழு வளர்ச்சியடைந்த சேவலும் பெரும்பாலும் அரைக் கிலோவைத் தாண்டாது. ஆயினும் மார்பை முன்னே தள்ளி, தலையைப் பின்னுக்கு வாங்கி, வாலைச் செங்குத்தாக உயர்த்தி, சிறகுகளின் நுனி தரையைத் தொடும்படி நேராகத் தொங்கவிட்டு, போட்டி மேஜைமீது அது அடியெடுத்து வைக்கும் அழகைக் கண்டவர் எவரும் அதன் எடையை நினைப்பதில்லை.

ஜோடி சேர்ப்பதில்தான் வளர்ப்பவரின் ஞானம் விளங்கும். மிகக் குட்டைக் கால் கொண்ட இரண்டை இணைத்தால், ஜப்பானியக் கோழி வழி வந்த பரம்பரைக் கூறு இரட்டித்து, நாலில் ஒரு பங்கு கருக்கள் முட்டைக்குள்ளேயே மடிந்துவிடக்கூடும். ஆகவே குட்டைக் கால் பெட்டைக்குச் சற்று நெடிய கால் சேவலைத் தேடுவதே விவேகம். நிறமோ எவர் சித்தத்துக்கும் கட்டுப்படாது. ஒரே அடையில் வெள்ளையும் கறுப்பும் செம்பழுப்பும் பொரியும், அந்த ஆச்சரியம் எனக்கு அலுத்ததே இல்லை. முட்டை பொரிய மற்றக் கோழிகளுக்கு இருபத்தொரு நாள் வேண்டுமென்றால், செராமாவுக்குப் பத்தொன்பது, இருபது நாளே போதும். பொரிந்த குஞ்சு மிகவும் சிறியதாதலால், தண்ணீர்த் தட்டில் அது மூழ்கிவிடாதபடி கூழாங்கற்களைப் பரப்பிவைப்பது அவசியம்.