பரிசில்களை வழங்குபவர்: திருமதி

யாழ்ப்பாணத்து ஆண்கள் கல்லூரி ஒன்றின் நூற்றாண்டு மலரை எடுத்துப் பாருங்கள். அதிபர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். பிறகு கிரிக்கெட் அணித் தலைவர்கள், சிரேஷ்ட மாணவ தலைவர்கள், பல்கலைக்கழகம் போனவர்கள், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இயங்கும் பழைய மாணவர் சங்கக் கிளைகள். அப்பப்பா படித்த வகுப்பறையில் அப்பாவும், அப்பா படித்த வகுப்பறையில் தானும் படித்ததாகப் பெருமையோடு ஒருவர் எழுதியிருப்பார். அம்மம்மா அந்தக் கதையில் வரமாட்டார்.

பெண் வருகிற இடம் ஒன்று உண்டு: பரிசளிப்பு விழா அழைப்பிதழ். பிரதம விருந்தினராகப் பேசுபவர் ஒரு திரு. பரிசில்களை வழங்குபவர் அவருடைய திருமதி. பெரும்பாலும் கணவரின் பெயரே அவருக்கும் பெயர். அவர் பேசமாட்டார்; கையிலிருப்பதைப் பையன்களிடம் கொடுத்துவிட்டு அமர்வார். இதைச் சின்ன மரியாதை என்று கடந்துபோகிறோம். எங்கள் ஆண்கள் கல்விமரபு பெண்ணிடம் தொடக்கத்திலிருந்தே கேட்டது இதைத்தான்.

அமெரிக்க மிஷனரிகள் வட்டுக்கோட்டை செமினரியை 1823இல் தொடங்கினார்கள். ஆங்கிலம், தமிழ், சமஸ்கிருதம், கணிதம், வானியல் என்று அங்கே இளைஞர்கள் படித்தார்கள். அடுத்த ஆண்டே, 1824இல், ஹரியற் வின்ஸ்லோ உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தார். எங்கள் கல்வி வரலாறுகள் இவற்றை இரண்டு அத்தியாயங்களாக எழுதும். மிஷனரிகளின் கணக்கில் இரண்டும் ஒரே திட்டம். படித்துக் கிறிஸ்தவனான இளைஞன் சைவ வீட்டில் பெண் எடுத்தால் பழைய வழிக்கே திரும்பிவிடுவான் என்று அவர்கள் அஞ்சினார்கள். அவனுக்கேற்ற மனைவியை ஆயத்தம் செய்ய உடுவில் தேவைப்பட்டது.

படிப்பு முடியும்வரை மகளை விடுதியில் விடப் பெற்றோர் தயங்கினார்கள். மிஷன் அதற்கொரு வழி கண்டது. படிப்பை முடித்து, மிஷன் ஒப்புகிற கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்குச் சீதனம் கொடுத்தது. எங்கள் வழமைகளைத் திருத்த வந்தவர்கள் இந்த ஒரு வழமையைத் தாங்களே கையில் எடுத்துக்கொண்டார்கள்.

உடுவிலை இதற்குள் அடக்கிவிட முடியாது. எழுத்துக் கற்ற பெண், கற்பித்தவர்கள் நினைத்ததைவிடத் தூரம் போகக்கூடியவள். ஆனால் நினைவுகூரும் விதத்தைக் கவனியுங்கள். எலைசா அக்னியூ 1840இல் வந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் உடுவிலை நடத்தினார், மணம் செய்யவில்லை, அமெரிக்காவுக்குத் திரும்பவுமில்லை. அவருக்குக் கிடைத்த பட்டம் ‘ஆயிரம் பெண்களின் தாய்’. ஆண் அதிபரைச் சிற்பி என்கிறோம். பெண் அதிபரைத் தாயாக்கினால்தான் எங்களுக்கு நிம்மதி.

சைவர்களின் பதிலிலும் முன்னுரிமை ஆண்களுக்கே. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி 1890இல் வந்துவிட்டது. சைவப் பெண்களுக்கான இராமநாதன் கல்லூரிக்கு 1913 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

செமினரி 1855இல் மூடப்பட்டது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கரோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் அங்கே படித்தவர்கள். இதை எழுதாத மலர் இல்லை, எழுதவேண்டியதும்தான். எழுதாமல் விடுவது, பட்டமும் உத்தியோகமும் கல்யாணச் சந்தையில் செய்த வேலையை. ‘கோழி மேய்த்தாலும் கவர்ண்மேந்தில் மேய்க்க வேணும்’ என்ற ஊரில், ஆங்கிலம் படித்து உத்தியோகம் பார்த்த மாப்பிள்ளைக்குச் சீதனம் ஏறியது. தேசவழமைப்படி சீதனக் காணி பெண்ணின் சொத்து. ஆனால் கணவனின் சம்மதமில்லாமல் அவள் அதை விற்க முடியாது. கொடுப்பது அவள் கை, தீர்மானம் அவளுடையதல்ல. பரிசளிப்பு மேடையில் நிற்கும் திருமதியின் நிலையும் ஏறக்குறைய அதுதான்.

ஆகவே ஆண்கள் கல்லூரியின் வரலாறு சீதனத்தின் வரலாறும்தான். அப்பப்பாவிலிருந்து பேரன்வரை நீளும் அந்தப் பெருமைக் கோட்டின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு கல்யாணம் இருக்கிறது. அதில் ஒரு பெண்ணின் காணியும் நகையும் கைமாறியிருக்கின்றன. அந்தக் காணி கூட இல்லாதவர்களின், வெள்ளாள வீடுகளுக்கு வெளியே இருந்தவர்களின் பெண்களைப் பற்றி மலர்கள் இன்னும் மௌனம்.

பழைய மாணவர் சங்கங்கள் அடுத்த மலருக்குக் கட்டுரை கேட்டு எழுதும்போது இரண்டு கேள்விகளையும் சேர்த்து அனுப்பலாம். உங்களுடைய விடுதிக் காசு யாருடைய காப்பை ஈடுவைத்து வந்தது? நீங்கள் படித்துக்கொண்டிருந்தபோது உங்கள் அக்கா எந்த வகுப்போடு நின்றார்? பதில்கள் வந்தால், கிரிக்கெட் தலைவர்களின் பட்டியலைவிட நீளமாக இருக்கும்.