‘வரை’ என்னும் ஒரு சொல்
எழில் நிரல்மொழி பற்றிய ஆய்வு

கணினிக்கு ஏவல் எழுதும் கலை இன்று பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகளின் பாடமாகிவிட்டது. மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் 2017-ஆம் ஆண்டு முதலாம் படிவத்திற்குக் கணினி அறிவியல் அடிப்படை என்னும் பாடம் புகுந்தது. 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபின் வகுப்பறைகள் மூடப்பட்டன. பாடங்கள் இணையத்தின் வழியே நடந்தன. பினாங்கு டத்தோ கிராமாட் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஒருவன் ஆறாண்டு தமிழில் எண்ணும் எழுத்தும் கற்கிறான். அதன்பின் பாடத்தை மலாய் மொழியில் கேட்கிறான். நிரலின் ஏவற்சொற்களையோ ஆங்கிலத்தில் காண்கிறான். மூன்று மொழிகள் சந்திக்கும் இந்த இடத்தில் தமிழுக்குப் பணி உண்டா என்பதே வினா.

உண்டு என்று செயலில் காட்ட வந்த முயற்சிகளுள் ஒன்று ‘எழில்’. முத்தையா அண்ணாமலை 2007-ஆம் ஆண்டு தொடங்கிய இந்நிரல்மொழி 2013-இல் மூல நிரலுடன் பொதுவில் வெளியிடப்பட்டது. இது பைத்தான் என்னும் மொழியின்மேல் கட்டப்பெற்றது. தமிழ் மாணவர் நிரலாக்கத்தின் முதற்படியைத் தாய்மொழியிலேயே ஏறவேண்டும் என்பது இதன் நோக்கம். நோக்கம் நன்று என்பதனால் மட்டும் ஒரு நூலைப் பாடமாக வைத்துவிடுவதில்லை. எழிலையும் அவ்வாறே சொல் சொல்லாக ஆராய்ந்து ஏற்பதே முறை.

வாக்கிய அமைதி

முதலில் அதன் சிறப்பைக் கூறுதல் தகும். ஆங்கிலச் சார்புடைய நிரல்மொழிகளில் ‘இஃப்’ என்னும் சொல் முன்னே நிற்கும். நிபந்தனை பின்னே வரும். தமிழில் அவ்வாறன்று. ‘மழை பெய்தால் குடை எடு’ என்பதில் நிபந்தனையைக் காட்டும் உறுப்பு வினையின் இறுதியில் ஒட்டி நிற்கிறது. தொல்காப்பியமும் நன்னூலும் ‘செயின்’ என்னும் வாய்பாட்டை வினையெச்சங்களுள் வைத்து எண்ணியிருப்பது தமிழாசிரியர் அறிந்ததே. எழில் இவ்வமைதியைப் போற்றுகிறது. அதில் நிபந்தனை அடைப்புக்குறிக்குள் முன்னே வருகிறது. ‘ஆனால்’ என்னும் சொல் அதன் பின்னே வருகிறது. ஆங்கிலச் சொற்களை நீக்கி அவ்விடங்களில் தமிழ்ச் சொற்களை நட்டுவைப்பதோடு நில்லாமல், தமிழ் வாக்கியத்தின் நடையையே நிரலுக்குத் தந்தது பாராட்டுக்குரியது. நிரற்பகுதி முடிவதைக் குறிக்க ‘முடி’ என்று வைத்ததும் பொருத்தமே.

ஆயினும் ‘ஆனால்’ என்பதில் ஓர் இடர் உண்டு. ‘மதிப்பெண் நாற்பதானால்’ என்று சேர்த்துப் படிக்கும்போது அது நிபந்தனை எச்சம். திரையில் தனித்து நிற்கும்போதோ, இக்கால மாணவனுக்கு அது எதிர்மறுத்துத் தொடரும் இடைச்சொல். ‘அவன் வந்தான், ஆனால் பேசவில்லை’ என்னும் வழக்கே அவன் நாவில் பழகியது. ‘எனில்’ என்றிருந்தால் இம்மயக்கம் எழாது. அவ்வாறே மாற்றுவழியைக் குறிக்கும் ‘இல்லை’ என்பது முற்று. அங்கே வேண்டுவது ‘இல்லையேல்’ என்னும் எச்சம். எனினும் இவ்விரண்டும் சிறு குறைகளே. ஆசிரியர் ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டினால் தீர்ந்துவிடும்.

வரையும் அதன் இருபொருளும்

பெருங்குறை மீள்செய்கைக்கு வைத்த சொல்லில் இருக்கிறது. ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்விப்பதே நிரலாக்கத்தின் உயிர்நிலை. அதற்கு எழில் ‘வரை’ என்னும் சொல்லை ஆள்கிறது. ஒன்று முதல் ஐந்து வரையுள்ள எண்களை வெளியிடும் நிரல் இவ்வாறு அமையும்:

எண் = 1
@( எண் <= 5 ) வரை
    பதிப்பி எண்
    எண் = எண் + 1
முடி

எண் ஐந்தாகவோ ஐந்திற்குக் குறைந்தோ இருக்கும் காலமெல்லாம் செய் என்பது இதன் கருத்து. ஆனால் தமிழில் ‘வரை’ இருபொருள் தரும். ‘உயிர் உள்ள வரை உழைப்பேன்’ என்னும்போது அது ஒரு நிலை நீடிக்கும் காலத்தைக் குறிக்கிறது. ‘அண்ணன் வரும் வரை காத்திரு’ என்னும்போது ஒரு நிகழ்ச்சி நேர்ந்து செயல் நிற்கும் எல்லையைக் குறிக்கிறது. முன்னதில் நிபந்தனை பொய்யானால் செயல் நிற்கும். பின்னதில் நிபந்தனை மெய்யானால் செயல் நிற்கும். இரண்டும் ஒன்றற்கொன்று நேர்மாறானவை.

டத்தோ கிராமாட் சாலை வழியே தைப்பூசக் காலத்தில் செல்லும் வெள்ளி இரதத்தை எண்ணிப் பார்க்கலாம். ‘இரதம் தண்ணீர்மலைச் சாலைக் கோயிலை அடையும் வரை நட’ என்றால் அடைந்ததும் நிற்கவேண்டும். ‘இரதம் சாலையில் உள்ள வரை நட’ என்றால் சாலையை விட்டு நீங்கியதும் நிற்கவேண்டும். ‘அடையும்’, ‘உள்ள’ என்னும் சொற்களே பொருளைப் பிரித்துக் காட்டுகின்றன. எழிலிலோ அடைப்புக்குறிக்குள் குறிகள் உள்ளனவே தவிர அத்தகைய சொல் இல்லை. ஆகவே மாணவன் ‘எண் ஐந்திற்கு உட்படும் வரை’ என்று படித்துவிட்டால், எண் தொடக்கத்திலேயே ஒன்றாயிருத்தலின் நிரல் ஓர் எண்ணையும் வெளியிடாது என்று கருதுவான். அவன் கருத்தில் தவறில்லை. அவன் கொண்ட தமிழும் பிழையன்று.

மலாய் மொழியில் ‘செலாகி’ வேறு, ‘செஹிங்கா’ வேறு. ஆங்கிலத்தில் ‘வொயில்’ வேறு, ‘அன்டில்’ வேறு. இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2007-இல் வெளியிட்ட ‘ஸ்க்ராட்ச்’ என்னும் படக்கட்டை மொழி, நிபந்தனையோடு மீளச் செய்வதற்கு ‘அன்டில்’ வகையைக் கொண்டுள்ளது. பைத்தானோ ‘வொயில்’ வகையைக் கொண்டுள்ளது. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும் மாணவன் தன் நிபந்தனையைத் தலைகீழாக மாற்றி எழுதவேண்டும். அவ்விடத்தில் கைகொடுக்க வேண்டிய தாய்மொழி, இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவைத்தால் பாலமாக அமையாது. ‘உள்ளவரை’ என்றோ ‘இருக்கும்வரை’ என்றோ கொண்டால் ஐயம் அகலும். ‘ஆகும்வரை’ என்பதை மற்றதற்கு வைத்துக்கொள்ளலாம்.

திரையும் ஆசிரியரும்

இணைய வழிக் கல்வியின் குறையும் இங்கேயே புலப்படுகிறது. மாணவன் நிரலை இயக்குகிறான்; எதிர்பார்த்த விடை வரவில்லை. திரை விடையைக் காட்டும், பிழை உண்டெனில் பிழையென்றும் கூறும். மாணவன் அச்சொல்லை எப்படிப் படித்தான் என்று அது கேட்பதில்லை. அருகில் ஆசிரியர் இருந்தால், ‘இந்த வரியை வாய்விட்டுப் படி’ என்பார். பிள்ளை படிக்கும் தொனியிலேயே மயக்கம் எங்கே என்பது வெளிப்பட்டுவிடும். நேரில் இயலாதபோது இணைய வகுப்பிலும் இதனைச் செய்யலாம். நிரலை இயக்குமுன் ஒவ்வொரு வரிக்கும் முழுத் தமிழ் வாக்கியம் எழுதுவிப்பதே அம்முறை. இதற்குக் கணினி அறிவைக் காட்டிலும் தமிழறிவே மிகுதியும் வேண்டும். தமிழாசிரியர் இப்பாடத்திலிருந்து ஒதுங்கி நிற்கக் காரணம் ஏதுமில்லை.

சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபெர்ஸைக் ஆகியோர் 1967-இல் குழந்தைகளுக்காக ‘லோகோ’ என்னும் மொழியை ஆக்கினர். ஆங்கிலப் பிள்ளைக்கு அதன் ஏவல்கள் அன்றாடச் சொற்களாகவே இருந்தன. எழில் தமிழ்ப் பிள்ளைக்கு அந்த நலனைத் தர முயன்றது. வாக்கிய அமைதியில் வென்றது. சொற்றேர்வில் சில இடங்களில் தவறியது. மூல நிரல் திறந்தே வைக்கப்பட்டிருப்பதால் திருத்தம் செய்வதற்குத் தடையில்லை. சொற்பொருள் வரையறுத்துப் பழகிய தமிழாசிரியர்கள் நிரலாளருடன் அமர்ந்து பத்துப் பன்னிரண்டு ஏவற்சொற்களை ஆய்ந்து கொடுத்தால் போதும். அதைச் செய்யாது விட்டால், தமிழில் நிரல் எழுதிக் குழம்பிய பிள்ளை, குழப்பம் தமிழால் வந்தது என்றே முடிவுகட்டுவான். அந்தப் பழி தமிழுக்கு வருதல் ஆகாது.