கொல்லையில் ஒரு கடல்: குடில் கணக்கும் உப்புக் கணக்கும்

பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் வழிகாட்டு நெறிகளில் ஓர் அடைப்புக்குறி இருக்கிறது. 2020-இல் தொடங்கிய அந்தத் திட்டம், கொல்லைப்புற வண்ணமீன் வளர்ப்பு அலகு ஒன்றுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பு வைக்கிறது. அதில் பொதுப்பிரிவினருக்கு 40 விழுக்காடு மானியம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் 60 விழுக்காடு. அலகின் பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள், கடல்நீர், நன்னீர் இரண்டுக்கும் இது பொருந்தும் என்று குறிப்பு. கப்பி மீனுக்கும் கோமாளி மீனுக்கும் ஒரே மதிப்பு. சென்னைக் கொளத்தூரில் இருந்தாலும் அரியலூரில் இருந்தாலும் ஒரே கொல்லை. அந்தச் சின்ன அடைப்புக்குறிக்குள் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று யாரும் நிறுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கடற்கரையில் இருப்பவருக்கு இது பெரிய கேள்வி இல்லை. வந்த தண்ணீர் வந்த வழியே போய்விடும். அரியலூரிலிருந்து பரங்கிப்பேட்டைக் கடல் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். இங்கே ஒருவர் வீட்டுக்குப் பின்னால் பசுமைக்குடில் போட்டு, தொட்டிகளில் கடல்மீனும் பவளமும் வளர்க்க நினைத்தால், கடலையே செய்து கொண்டுவர வேண்டும். இது முடியாத காரியமில்லை. கடலில்லா ஊரில் கடலுயிர் வளர்ப்பதை அமெரிக்கர்கள் எப்போதோ செய்துவிட்டார்கள். மிச்சிகன் மாநிலத்தின் டிராப்பிகோரியம் என்ற பண்ணையில் பசுமைக்குடிலுக்குள்ளேயே பவளத்தை வெட்டி நட்டுப் பெருக்கினார்கள். அந்தப் படங்களையும் காணொளிகளையும் பார்த்துத்தான் நம் இளைஞர்களுக்கும் ஆசை பிறக்கிறது. ஆசையில் குற்றமில்லை. ஆனால் பனி கொட்டும் ஊரில் பிறந்த கூரையை, மே மாதத்தில் சாலைத் தார் இளகும் ஊருக்கு அப்படியே தூக்கி வரலாமா என்பதுதான் கேள்வி.

முதலில் உள்நாட்டில் கடலுயிர் வளர்ப்பதன் நன்மைகளைப் பார்ப்போம். அவை உண்மையானவை.

வெயில் இங்கே இலவசம். பவளத்துக்கும் பாசிக்கும் மின்விளக்கு போட்டே மேலைநாட்டுக்காரர்கள் ஓய்ந்துபோகிறார்கள். நமக்கு வெளிச்சத்தைக் குறைப்பதுதான் வேலை. மழையும் கணக்கில் சேரும். அரியலூரில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை உண்டு. 40 சதுர மீட்டர் கூரையில் விழும் மழையில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலே 28 ஆயிரம் லிட்டருக்குக் குறையாது. சுண்ணாம்புப் பூமியின் கடினமான கிணற்று நீரை ஆர்.ஓ. வைத்துச் சுத்தம் செய்தால், ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகும். கூரைத் தண்ணீர் அந்த விரயத்தை மிச்சப்படுத்தும். சிமெண்ட் ஆலைப் புழுதியும் லாரிப் புழுதியும் படிந்த கூரை என்பதால் முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது நன்மை வெளியே தெரியாதது: நம் ஊரின் காய்ந்த காற்று. 38 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காடாக இருந்தால், நிழலில் மின்விசிறிக் காற்றுப் படும் தண்ணீர் ஏறக்குறைய 27 டிகிரி வரை இறங்க முடியும். கடற்கரையில் 33 டிகிரிதான் வெயில், ஆனால் ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால், அதே தண்ணீர் 30-க்குக் கீழே போகாது. மண்பானைத் தண்ணீர் எந்த ஊரில் அதிகம் குளிரும் என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். அந்தப் பானைக் கணக்குதான் இது. உள்நாட்டு வறட்சி இந்த ஒரு விஷயத்தில் வரமாக வந்து நிற்கிறது.

இந்த வரத்தைக் கெடுப்பது யார்? பாலித்தீன் போர்த்திய பசுமைக்குடிலேதான்.

மே மாதம் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு மூடிய குடிலுக்குள் நுழைந்து பாருங்கள். சட்டை உடனே முதுகில் ஒட்டும். கண்ணாடி அணிந்தவருக்குக் கண் மங்கும். வெளியே 40 என்றால் உள்ளே 50-ஐத் தொடும். தொட்டிகளிலிருந்து எழும் ஆவி வெளியேற வழியில்லாமல் கூரையில் முத்து முத்தாகத் திரண்டு மறுபடி தொட்டியிலேயே சொட்டும். காற்று நனைந்துவிட்டது, இனி எவ்வளவு விசிறினாலும் தண்ணீர் குளிராது. குளிர்நாட்டில் வெப்பத்தைப் பிடித்து வைக்கப் பிறந்த கூரை, இங்கேயும் தன் பிறவிக் குணத்தைத்தான் காட்டுகிறது. பவளத்துக்கு வேண்டியது 25 முதல் 28 டிகிரி. மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் கடல் வழக்கத்தைவிடச் சூடேறியபோது பவளங்கள் வெளுத்தன. விரிந்த கடலிலேயே அந்த நிலை என்றால், ஆயிரம் லிட்டர் தொட்டி எம்மாத்திரம்?

ஆவியிலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி இறக்க, ஒன்றே முக்கால் லிட்டர் ஆவியாக வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே தங்கும். நாளுக்கு 20 லிட்டர் போகும் தொட்டியைக் கவனிக்காமல் ஐந்து நாள் ஊருக்குப் போய்வந்தால், லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 39-ஐ நெருங்கியிருக்கும். தொட்டி விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு பூத்திருக்கும். விரலால் தொட்டால் பொரபொரவென்று உதிரும். அந்தக் கோட்டைப் பார்த்ததும் நல்ல தண்ணீர் ஊற்றக் கை போகிறவர்தான் இந்தத் தொழிலுக்கு ஆள். பார்த்துவிட்டுச் சும்மா இருப்பவருக்கு மானியம் கிடைத்தாலும் மீன் கிடைக்காது.

அடுத்தது, எந்த உயிரை வளர்ப்பது என்பது. இங்கேதான் ஆசையும் சட்டமும் மோதுகின்றன. பாறை கட்டும் பவளங்களையும் கடல்குதிரைகளையும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலியைக் காக்கும் அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்ததால்தான் இந்தக் கெடுபிடி. வெளிநாட்டிலிருந்து வந்த பவளம் என்றாலும் அதற்குத் தனி அனுமதியும் பதிவும் வேண்டும். ஆக, மிச்சிகன்காரர் செய்ததைப்போல ஒரு துண்டை ஒடித்துப் பத்தாக்கி விற்பது இங்கே தொழிலாக நிற்காது, வழக்காகத்தான் நிற்கும். தொட்டிக்குள் அழகுக்காக வைக்கும் பவளக்கல்லும் அந்த வலையில் சிக்கும்.

இதில் ஒரு விசித்திரம் நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். பக்கத்தில் கல்லக்குடியில் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பவளச் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. கல்லங்குறிச்சிச் சுரங்கங்களில் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. செத்த கடலை லாரி லாரியாக அள்ளி சிமெண்ட் ஆக்கலாம்; உயிருள்ள கடலின் ஒரு விரல் துண்டை வைத்திருக்கக் கூடாது. இதை முரண் என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. செத்தது இனி வளராது. உயிரோடு இருப்பதுதான் அழியும்.

அப்படியானால் மிஞ்சுவது கோமாளி மீன். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் குஞ்சு பொரிக்கும் முறையை உருவாக்கி வைத்திருக்கின்றன. பாறையிடுக்கில் வலைபோட்டுப் பிடிக்கும் காட்டுமீனுக்குப் பதில் தொட்டியில் பிறந்த மீன் சந்தைக்கு வருவது கடலுக்கே நல்லது. இந்தத் தொழிலின் வலுவான நியாயம் அதுதான்.

ஆனால் பொரிப்பதைப் பற்றிக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். முட்டை வைத்த ஏழெட்டு நாளில், இருட்டிய பிறகுதான் குஞ்சு வெளிவரும். பிறந்த குஞ்சின் வாய்க்கு ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறால்கூடப் பெரிது. ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர்தான் முதல் இரை. ரோட்டிஃபருக்கு இரையாகப் பச்சைப்பாசி வளர்க்க வேண்டும். பாசி ஒரு நாள் சூட்டில் வெளுத்தால் ரோட்டிஃபர் பட்டினி. ரோட்டிஃபர் குறைந்தால் குஞ்சுகள் காலையில் தொட்டியடியில் கிடக்கும். கோழிக்குத் தீவனம் வாங்கிப் போடுவது மாதிரி இல்லை இது. தீவனத்துக்கே தீவனம் வளர்க்கும் வேலை. பொங்கலுக்கும் விடுப்பில்லை. சூடான கடல்நீரில் ஆக்சிஜனும் குறைவாகத்தான் கரையும் என்பதால், ஏர் பம்ப் நிற்கும் ஒரு மணி நேர மின்வெட்டே போதும், மாதக்கணக்கான உழைப்பை அழிக்க. இன்வெர்ட்டரையும் பாட்டரியையும் சேர்க்காமல் 3 லட்சம் என்று போட்ட மதிப்பு கடல்நீர்த் தொட்டிக்குக் காகிதத்தில்தான் போதும்.

இத்தனையையும் சமாளித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். இனித்தான் பெரிய கேள்வி வருகிறது. வடித்த தண்ணீர் எங்கே போகிறது?

மூவாயிரம் லிட்டர் அலகு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் பத்தில் ஒரு பங்கு மாற்றினால் 300 லிட்டர். அதில் உப்பு பத்தரை கிலோ. ஆண்டுக்கு 546 கிலோ. அரை டன்னுக்கு மேல் உப்பு, ஒரு வீட்டின் கொல்லையில், வருடா வருடம். அதை வாழைமரத்தடியிலோ சாக்கடையிலோ ஊற்றினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சில ஆண்டுகள் கழித்துக் கிணறு சொல்லும். கரிசல் மண்ணில் சோடியம் ஏறினால் மண் இறுகி நீர் இறங்காது. பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்தின் செட்டிகுளம் வட்டாரம் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போனது. வெங்காயமோ உப்பைச் சற்றும் பொறுக்காத பயிர்: மண்நீரின் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 1.2 டெசிசீமென்ஸைத் தாண்டினாலே விளைச்சல் விழத் தொடங்கும். கடல்நீருக்கு அந்த அளவு 50-க்கு மேல். ஒரு வீட்டுக்காரரின் வண்ணமீன் ஆசைக்கு அண்டைக் காட்டுக்காரரின் வெங்காயம் விலை கொடுக்கக் கூடாது. திட்ட மதிப்பீட்டில் தொட்டிக்கும் மோட்டாருக்கும் மீன்குஞ்சுக்கும் காசு ஒதுக்கும் நாம், கழிவு உப்புக்கு ஒரு ரூபாயும் ஒதுக்காமல் இருந்தால் அது பிழையான கணக்கு.

அதனால் இந்தத் தொழில் வேண்டாம் என்று முடித்துவிடலாமா? அது சோம்பேறித்தனமான தீர்ப்பு. குறை அரியலூரில் இல்லை. கடன்வாங்கிய வடிவத்தில் இருக்கிறது. அதை இடம்மாற்றிப் போட்டால் பாதிக் குறை தீரும்.

மீனுக்குக் குடில் வேண்டாம், பந்தல் போதும். தென்னங்கீற்றோ 75 விழுக்காடு நிழல்வலையோ மேலே, நான்கு பக்கமும் திறப்பு, தொட்டி முகத்துக்கு நேரே ஒரு விசிறி. காய்ந்த காற்று மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். முட்டையும் குஞ்சும் கடற்கரைப் பொரிப்பகங்களின் பொறுப்பாகவே இருக்கட்டும். அவர்களிடம் விரல்நுனி அளவுக் குஞ்சை வாங்கி, விற்கும் பருவம் வரை வளர்ப்பது உள்நாட்டுக்காரரின் பங்காகட்டும். கோமாளி மீன் லிட்டருக்கு 25 கிராம் உப்பிலும் தாக்குப்பிடிக்கும். அப்படி வளர்த்தால் ஆண்டுக் கழிவு உப்பு 546 கிலோவிலிருந்து 390 கிலோவாக இறங்கும். தொட்டிநீரை ஒரு பாசித் தட்டு வழியாக ஓடவிட்டு நீர் மாற்றுவதைப் பாதியாக்கினால் இன்னும் பாதி.

பசுமைக்குடிலுக்கு வேலையே இல்லையா? உண்டு, கழிவு உப்பைக் காய்ச்சும் வேலை. வெப்பத்தைப் பிடித்து வைப்பதும் மழையைத் தடுப்பதும்தானே அதன் குணம்? கீழ்ப்பக்கமும் முகட்டிலும் காற்று போக வழிவிட்டு, பத்துச் சதுர மீட்டருக்குத் தார்ப்பாய் விரித்த ஆழமில்லாத பாத்தி ஒன்றை உள்ளே போட்டால், வாரத்துக்கு வரும் கழிவுநீரை வெயில் குடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு மட்டும் ஒரு சேமிப்புத் தொட்டி வேண்டும். உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், கடைசியில் கொஞ்சம் கசப்புநீர் காயாமலே நிற்கும். அதைக் கேனில் ஊற்றி, உப்பைச் சாக்கில் கட்டிக் கடற்கரைப் பக்கம் போகும் வண்டியில் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். குஞ்சு ஏற்றிவரும் வண்டி வெறுமையாகத் திரும்புவானேன்?

மானியம் தரும் அலுவலர் பந்தலைப் பார்க்க வேண்டாம், மீனைக்கூட எண்ண வேண்டாம். ஆண்டு முடிவில் அந்தச் சாக்கைத் தராசில் வைக்கச் சொல்லட்டும். உள்ளே போன உப்பும் சாக்கிலிருக்கும் உப்பும் ஏறக்குறைய சரியாக இருந்தால், அந்தக் கொல்லையில் கடல் வளர்க்கலாம். குறைந்தால், குறைந்தது எங்கே என்று பக்கத்துக் கிணற்றைக் கேட்கட்டும்.