தி எக்சார்சிஸ்ட்: 2000 ஆம் ஆண்டுப் பதிப்பு
வில்லியம் பிரைட்கின் இயக்கிய தி எக்சார்சிஸ்ட் 1973 ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்கத் திகில் திரைப்படம் ஆகும். கதாசிரியரும் தயாரிப்பாளருமான வில்லியம் பீட்டர் பிளாட்டி விரும்பியபடி, முன்பு வெட்டப்பட்ட காட்சிகள் சேர்க்கப்பட்டு, அது சுமார் 10 நிமிடங்கள் நீண்டு 2000 ஆம் ஆண்டில் மீண்டும் திரைக்கு வந்தது.

சிறுமி ரீகன் சிலந்திபோல் தலைகீழாகப் படிக்கட்டில் இறங்கும் காட்சியே அதிகம் பேசப்பட்டது. ஆனால் அது திகிலை முன்கூட்டியே செலவழித்துவிடுகிறது. பேயோட்டும் சடங்கின் இடையே பாதிரியார்கள் மெரினும் கராசும் படிக்கட்டில் பேசும் சில வரிகளே மதிப்புமிக்கவை. 'ஏன் இந்தச் சிறுமி?' என்று கராசு கேட்கிறார். பார்ப்பவரை நம்பிக்கையிழக்கச் செய்வதே தீயசக்தியின் நோக்கம் என மெரின் விளக்குகிறார். இதைக் கேட்டபின், கராசின் இறுதித் தியாகம் வெறும் அதிர்ச்சியாக அன்றி, அந்நோக்கத்துக்கான விடையாகப் புரிகிறது.