‘அடங்கா ஆராதனை’: ஹக்கிள்பெரி ஃபின் புதினத்தில் இரு ஏமாற்றுக்காரர்களின் மொழி

மார்க் ட்வெய்னின் ‘ஹக்கிள்பெரி ஃபின்னின் சாகசங்கள்’ 1884-இல் வெளிவந்தது. மிசூரி மாநிலக் கறுப்பின மக்களின் வழக்கு முதலாகப் பைக் மாவட்ட வழக்கின் நான்கு திரிபுகள் ஈறாகப் பல பேச்சுவகைகளைத் தாம் வேறுபடுத்திக் காட்டியிருப்பதாக ஆசிரியரே அதன் முன்குறிப்பில் அறிவிக்கிறார். இக்கூற்று வெறும் நகையன்று என்பதை டேவிட் கார்க்கீட் 1979-இல் வெளியிட்ட ஆய்வு விரிவாக நிறுவியது. எனினும், ஒரு வழக்கினர் மற்றொரு வழக்கைப் பொய்யாக மேற்கொள்ளும் இடம் ஒன்று இப்புதினத்தில் உண்டு. மொழிபெயர்ப்பாளர்க்குப் பெரிதும் இடர் தருவது அதுவே.

நாடு கடத்தப்பட்ட பிரெஞ்சு அரசன் என்று சொல்லிக்கொள்ளும் எழுபது வயதுக்காரனும், ஆங்கிலக் கோமகன் என்று சொல்லிக்கொள்ளும் முப்பது வயதுக்காரனும் ஹக்கின் தெப்பத்தில் ஏறிக்கொள்கின்றனர். பீட்டர் வில்க்ஸ் என்பவர் இறந்த செய்தியும், ஷெஃபீல்டிலிருந்து வரவேண்டிய அவருடைய தம்பியரைப் பற்றிய விவரங்களும் வழியில் ஓர் இளைஞன் வாயிலாக அவர்களுக்குக் கிட்டுகின்றன. உடனே அரசன் சமயபோதகராகிய ஹார்வியாகவும், கோமகன் காது கேளாத, வாய் பேசாத வில்லியமாகவும் வேடம் புனைகின்றனர்.

இவ்வேடப் பங்கீடு கருதத்தக்கது. நாடக மேடையில் பழகியவன் கோமகன். சொல்லின் தரம் ஓரளவேனும் அறிந்தவன் அவனே. அவன் வாய் திறக்கலாகாது. பிரிட்ஜ்வாட்டர் என்னும் பெயரையே கப்பலின் அடித்தட்டில் தேங்கும் அழுக்கு நீரைக் குறிக்கும் ‘பில்ஜ்வாட்டர்’ என மாற்றி அழைக்கும் அரசனோ, கற்றறிந்த ஆங்கிலேயப் போதகராக ஊர் முன்னிலையில் ஓயாது பேசவேண்டும். மோசடியின் நலிவு இவ்விடத்தில்தான் தொடங்குகிறது. (கோமகன் கையசைத்துக் குழந்தைபோல் எழுப்பும் ஓசைகளை ஊரார் சைகைமொழி என ஏற்றுக்கொள்வதும் குறிப்பிடத்தகும். சைகைமொழி தனக்கெனக் கட்டமைப்புடைய மொழி என்பதை ஸ்டோக்கி மொழியியல் முறையில் காட்டியது 1960-இல்தான்.)

அரசனின் ஆங்கிலேய உச்சரிப்பு புதினத்தில் ஓரிடத்தும் எழுத்தால் காட்டப்படவில்லை. அவன் பேச்சு முழுவதும் மிசிசிப்பிக் கரையின் கல்லா வழக்கிலேயே அமைந்துள்ளது. பாவனை ஒன்று நடக்கிறது என்பதைப் பிறர் கூற்றால் மட்டுமே அறிகிறோம். அக்கூற்றுகளும் ஒத்துப்போகவில்லை: மருத்துவர் ராபின்சன் அதனைத் தாம் கேட்டவற்றுள் மிக இழிந்த பாவனை என்கிறார், மெய்யான ஹார்வியின் பேச்சைக் கேட்ட பின்னரும் ஹக், அரசனுடையது பாவனை என்ற அளவில் நன்றே என்கிறான். இருவர் செவிக்கும் இடையே உள்ள கல்வி வேறுபாட்டைக் கதைசொல்லியின் ஒற்றை மதிப்பீட்டில் உணர்த்திவிடுகிறார் ட்வெய்ன். போதகர் என்பதால் அரசனுக்குச் செந்தமிழ் உரையாடலை அமைத்துக்கொடுக்கும் மொழிபெயர்ப்பு, மருத்துவரின் ஐயத்திற்கு அடிப்படையே இல்லாமல் செய்துவிடும். நம் மொழிபெயர்ப்புகளில் பாத்திரத்தின் தகுதிக்கேற்ப நடையை உயர்த்தும் வழக்கம் வேரூன்றியுள்ளது. இங்கு அது கதையையே கெடுக்கும்.

ஈமச் சடங்கைக் குறிக்கும் ‘ஆப்சிக்வீஸ்’ என்ற சொல்லுக்கு மாறாக, வரம்பற்ற களியாட்டத்தைக் குறிக்கும் ‘ஆர்ஜீஸ்’ என்பதை அரசன் ஆள்கிறான். பேச இயலாத கோமகன் சரியான சொல்லைத் தாளில் எழுதிக் கூட்டத்தாரின் தலைக்கு மேலாக நீட்டுகிறான். அரசன் படித்துவிட்டுப் பையில் இட்டுக்கொள்கிறான், தவற்றைத் திருத்தவில்லை. மாறாக, அச்சொல் இங்கிலாந்தில் வழக்கொழிந்தது என்றும், தன் சொல்லே துல்லியமானது என்றும் கூறி, அதனை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கிரேக்கத்திற்கும் மறுபாதியை எபிரேயத்திற்கும் உரியதாக்குகிறான். சொற்களை இவ்வாறு அறுத்துத் தொன்மொழிகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்போர் புதினத்திற்கு வெளியிலும் இல்லாமற்போகவில்லை. மருத்துவர் அவன் முகத்துக்கு நேரே சிரிக்கிறார்.

இதனைத் தமிழாக்குவது எவ்வாறு? ‘கருமாதி’ என்பது ‘காமாதி’ எனத் திரிவதாகக் கொள்ளலாம். ஒலியும் பொருளும் பொருந்தும். ஆயின் கருமாதி கிறித்தவப் போதகர் வாயில் வரும் சொல்லன்று. தமிழ்க் கிறித்தவரின் ‘அடக்க ஆராதனை’ இதனினும் பொருத்தமானது. அரசன் அதனை ‘அடங்கா ஆராதனை’ என்கிறான் எனக் கொள்வோம். மெல்லின வல்லின மாற்றமும் ஒரு நெடிலுமே வேறுபாடு, பொருளோ தலைகீழாகிவிடுகிறது. ‘அடன்’ கிரேக்கச் சொல், ‘கா’ எபிரேயச் சொல் என்று அவன் புணர்ச்சி பிரித்துக் காட்டினால் மூலத்தின் பொய்ச் சொற்பிறப்பும் காப்பாற்றப்படும். அடிக்குறிப்பால் விளக்கப்படும் நகைச்சுவையைவிட இது மேல் என்பது என் கருத்து.

பேராசையே இவர்களை ஆழத்தில் தள்ளுகிறது. நிலவறையில் கிடைத்த தங்கம் 6,000 டாலருக்கு 415 குறைய, அதனைத் தம் கைப்பொருளிட்டு நிரப்பி, மும்மகளிரிடம் ஒப்படைத்து நம்பிக்கை பெறுகின்றனர். பணம் அவர்கள் கைக்கே திரும்புகிறது. அதனோடு அன்றிரவே ஓடிவிடலாம் என்கிறான் கோமகன். வீட்டையும் அடிமைகளையும் விற்காமல் போவதில்லை என்கிறான் அரசன். மெய்யான தம்பியர் வந்து சேர்கின்றனர். செவியால் தீர்க்க முடியாத வழக்கை வழக்கறிஞர் லெவி பெல் கையெழுத்தால் தீர்க்க முயல்கிறார். மெய் ஹார்வியின் கையெழுத்து படிக்க இயலாதது. அவருக்காகப் படியெடுத்து எழுதும் மெய் வில்லியமுக்கோ கை முறிந்திருக்கிறது. எழுத்தும் பயன்படவில்லை. இறுதியில் பிணத்தின் மார்பிலுள்ள பச்சைக்குறியைச் சான்றாகத் தேடிக் கல்லறையைத் தோண்டுகின்றனர். ஹக் முன்னரே ஒளித்துவைத்த தங்கம் அங்கு வெளிப்பட, அக்கூச்சலில் மூவரும் தப்புகின்றனர்.

இன்னும் ஒரு சிறு சிக்கல் எஞ்சுகிறது. மறைந்தவர் என்னும் பொருளுடைய ‘டிசீஸ்டு’ என்ற சொல்லை அரசன் நோயுற்றவர் எனப் பொருள்படத் திரித்துச் சொல்கிறான். தமிழில் ‘இறந்தவர்’ என்பதை ‘இரந்தவர்’ என எழுதிவிடலாம். ரகர றகர வேறுபாடு பெரும்பாலான பேச்சு வழக்குகளில் மறைந்துவிட்டதால் இத்திரிபைச் செவி அறியாது, கண் மட்டுமே காணும். மூலத்திலோ அது செவிக்கும் எட்டும். ஆகவே தமிழில் பிழை அரசனுடையதாகத் தோன்றாமல், கதையை எழுதும் ஹக்கின் எழுத்துப்பிழையாகத் தோன்றக்கூடும். அவ்விழப்பைப் பொறுத்துக்கொண்டு இச்சொல்லையே நான் தேர்வேன். பிறர் வீட்டு வாயிலில் இரந்து நிற்பவன் அரசனே அல்லனோ?