காசுக்கு எதற்குப் புளி?

பழைய செப்புக் காசு ஒன்று கைக்கு வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? சத்தியமாகச் சொல்லுங்கள்... புளியைத் தேடுவீர்கள். நம் வீட்டுச் செம்பும் குத்துவிளக்கும் புளி போட்டுத் தேய்த்தே பளபளத்தவை. சைவ சித்தாந்தமே ஆணவ மலத்துக்குச் செம்பில் உள்ள களிம்பைத்தான் உவமை சொல்கிறது. அப்புறம் காசை மட்டும் சும்மா விடுவோமா?

விட்டுவிடுங்கள் என்கிறார்கள் இன்றைய சேகரிப்பாளர்கள். ஒரு காலத்தில் பளபளப்புக்குத்தான் மவுசு. இப்போது தலைகீழ். அமெரிக்காவில் 1986-ல் தொடங்கிய பி.சி.ஜி.எஸ். போன்ற தர நிர்ணய நிறுவனங்கள், கன்னாபின்னாவென்று தேய்த்த காசுக்கு வழக்கமான மார்க் போடுவதில்லை. 'சுத்தம் செய்யப்பட்டது' என்று குறிப்பு எழுதிவிடுவார்கள். விலை இறங்கிவிடும்.

விலை கிடக்கட்டும். ராமநாதபுரம் பக்கம் வாருங்கள். வைகை முகத்துவாரத்துக்கு அருகே அழகன்குளத்தில் 4-ஆம் நூற்றாண்டு ரோமானியச் செப்புக் காசுகள் கிடைத்திருக்கின்றன. எதிர்க்கரையில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட காசில் படுத்திருக்கும் காளை, கூடவே 'சேது' என்று இரண்டே தமிழ் எழுத்து. எழுத்தின் மேடு மயிரிழைதான் இருக்கும். களிம்பு என்பது செம்பே மாறி உண்டான மேல்தோல். பல காசுகளில் எழுத்து அந்தத் தோலில்தான் உயிரோடு இருக்கிறது. புளியும் எலுமிச்சையும் தோலை உரித்தால் எழுத்தும் போச்சு. மிஞ்சுவது பளபளக்கும் செப்பு வில்லை. அது யார் காசு என்று எந்த ஆராய்ச்சியாளரும் சொல்ல முடியாது.

அதற்காக, 'தொட்டாலே பாவம்' என்று புதுசாக ஒரு ஆசாரம் கிளம்பியிருக்கிறதே, அதையும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மண் மூடிய காசை எப்படிப் படிப்பது? தவிர, கடலோரக் காசுக்கு ஒரு வியாதி உண்டு. உப்பிலுள்ள குளோரைடு செம்புக்குள் புகுந்து, ஈரக்காற்று பட்டதும் வெளிர்பச்சைப் பொடியாகப் பூக்கும். சும்மா விட்டால் காசையே தின்றுவிடும். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-ல் தொடங்கிய வேதியியல் கூடத்தில், எஸ். பரமசிவன் வெண்கலச் சிலைகளுக்கு வந்த இதே நோயை மின்சாரம் பாய்ச்சிக் குணப்படுத்தினார். அந்த முறையில் மேல்தோலும் போய்விடும் என்பதால் இன்றைய நிபுணர்கள் அதற்குத் தயங்குகிறார்கள். வைத்தியம் மாறியிருக்கிறதே தவிர, வைத்தியமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

விஷயம் இவ்வளவுதான்: அழுக்கு வேறு, களிம்பு வேறு. மண்தானா? காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். வெளிர்பச்சைப் பொடி உதிர்கிறதா? ஈரம் படாத டப்பாவில் போட்டு, விவரம் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். தோட்டத்தில் தோண்டும்போது புதையலாகக் கிடைத்ததா? முதலில் கலெக்டர் ஆபீஸ். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே தகவல் சொல்லியாக வேண்டும்.

புளி, ரசத்துக்கு இருக்கட்டும்.